ஈரக் கழிவு

கிளினிக் தராசுக்குப் பற்றரி இல்லை.
"வெளியில எங்கையாவது நிறுத்துக்கொண்டு வாங்கோ"
என்றா மிஸ், என் பச்சைக் கொப்பியில்
ஒரு கட்டத்தை வெறுமையாய் விட்டு.

ஒட்டுசுட்டானில் ஆளை நிறுக்க எவரிடம் தராசு?
நவநீதனின் நெல்லுக் கடைக்குப் போனேன்.
காலபோக வெட்டு முடிந்த கிழமை.
உழவு மெசின் பெட்டிகள் வீதி வரைக்கும்.
இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு இடைவெளி பார்த்து
ஏறச் சொன்னான் தராசடிப் பெடியன் டிலக்சன்.
செருப்பைக் கழற்றினேன்,
பாரமெல்லாம் அதில்தான் என்பதுபோல.

தொண்ணூற்றி ஏழரை.

வரிசையில் ஒருவர் இருமினார்.
இருமல்தானோ.

டொக்டர் நல்ல பிள்ளை.
"எல்லாம் உங்கட கையிலதான் அன்ரி.
வாயைக் கட்டுங்கோ,
பின்னேரத்தில அரை மணித்தியாலம் நடவுங்கோ."
கையைப் பார்த்தேன்.
ஒரு நாளைக்கு அறுநூறு கொலர் தைக்கிற கை,
கதிரையை விட்டு எழும்பாமல்.
தொழிற்சாலை பஸ் என்னை இறக்கிவிட ஆறரை.
ஆறரைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை யானைக்குச் சொந்தம்.
அது நடக்கும், அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம்,
விரும்பிய அளவுக்கு.
அதனிடம் எவரும் எடை கேட்பதில்லை.

வாயைக் கட்டுவது எனக்குப் புதிதுமில்லை.
அந்த வருடம் நான் கட்டவில்லை, கட்டிக் கிடந்தது.
முள்ளுக்கம்பிக்குள் முதல்தரம் நிறுத்தபோது
முப்பத்துநாலு.
எழுதியவர் தராசைத் தட்டிவிட்டுத் திரும்ப ஏறச் சொன்னார்.
பிறகு நிவாரணம்: மா, பருப்பு, சீனி, எண்ணெய்.
ரொட்டி, பிட்டு, களி, திரும்பவும் ரொட்டி.
அன்றைக்கு இந்த உடம்பு ஒரு கணக்குத் திறந்தது.
வருவதைப் போட்டு வை,
எடுக்காதே,
பசிக்கு வழி தெரியும், அது திரும்பி வரும்.
முடிந்துவிட்டது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
உடம்பு செய்தி கேட்பதில்லை.

இதோடு நிறுத்தினால் தீர்ப்பு என் பக்கம்.
ஆனால் தங்கச்சி இருக்கிறாள்.
அதே பங்கர், அதே மா, அதே முள்ளுக்கம்பி.
சசிரேகா இன்றைக்கும் நாற்பத்தொன்பது.
கோப்பையில் சோற்றை மிச்சம் விட்டு எழும்ப
எங்கே பழகினாளோ.
அவளுடைய மிச்சத்தையும் சாப்பிடுகிறவள் நான்.

இன்னும் சொல்கிறேன்:
லோன்காரன் வந்து கதைத்துவிட்டுப் போகிற செவ்வாய்களில்,
பிள்ளைகள் படுத்த பிறகு,
லைற் போடாமல்,
பணிசைப் பிளந்து சீனியும் தேங்காய்ப்பூவும் வைத்து.
ஒன்று பசிக்கு.
மற்ற மூன்றும்?
கை என்னுடையது. எவரும் பிடித்து ஊட்டவில்லை.
இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பேனையோடு நிற்கிறான் டிலக்சன்.
ஈர நெல்லென்றால் மூட்டைக்கு இரண்டு கிலோ வெட்டுகிறவன்.
சாக்குக்குத் தனியாக.
கமக்காரர் கத்துவார்கள், அசைய மாட்டான்.
"அன்ரி, உங்களுக்கும் கழிவு போடட்டோ?"
பகிடிதான். வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன்.

சிரித்து முடிந்தும் நான் இறங்கவில்லை.
போடு தம்பி.
கதிரைக்கு எத்தனை போடுவாய், யானைக்கு எத்தனை?
அந்த முப்பத்துநாலுக்கு?
மூன்று பணிசையும் கழிக்காதே, அது நெல்லு.
அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை?
அது ஈரமா, நெல்லா?
மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மணி எடுத்து
பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பாயே,
அப்படி என்னைக் கடித்துப் பார்த்துச் சொல்ல
ஆர் இருக்கினம்?

இதொன்றையும் நான் கேட்கவில்லை.
பின்னால் மெசின் ஹோர்ன் அடித்தது, இறங்கினேன்.

கடைத் துண்டிலேயே எழுதித் தந்தான்.
பெயர்: யோகமலர்.
இனம் என்ற இடத்தில், சம்பாவோ நாடோ,
ஒன்றும் எழுதவில்லை.
கழிவு என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.
கொப்பிக்குள் மடித்து வைத்தேன்.

பதினொரு மணி. யானை காட்டுக்குள்.
இன்றைய சம்பளம் எப்படியும் வெட்டு.
நடந்தேன்,
சாப்பாட்டுக் கடை வரைக்கும் அடி எண்ணாமல்,
அதைத் தாண்ட மட்டும்
ஒவ்வொன்றாய் எண்ணி.